12 போர் என்றால் எல்லாம் ஒன்றா? செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

"அப்பா வச்சிருந்த துப்பாக்கிதாண்ணே, 12 போர். லைசென்ஸ் இருக்கு. என் பேருக்கு மாத்திக்கிட்டாப் போதும்ல?" இந்தக் கேள்விக்கு ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்த பிறகுதான் பதில் சொல்ல முடியும். 12 போர் என்பது குழாயின் உள் அகலத்தின் அளவு மட்டும்தான். சட்டம் அதோடு இன்னும் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது: அடுத்த தோட்டா எப்படி ஏறுகிறது, குழாய் எவ்வளவு நீளம்.

இராமநாதபுரம் மாவட்டத்தில், கீழக்கரை, தொண்டி, சாயல்குடி பக்கம் பழைய வீடுகளில் இருப்பது பெரும்பாலும் டபுள் பேரல். நடுவில் மடக்கித் திறந்து, கையால் இரண்டு தோட்டா போட்டு மூட வேண்டும். இன்னொரு வகை பம்ப் ஆக்‌ஷன். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் முன்கட்டையைக் கையால் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால்தான் அடுத்த தோட்டா ஏறும். மூன்றாவதுதான் செமி ஆட்டோமேட்டிக். ஒரு முறை சுட்டதும் அந்த வேகத்திலேயே காலி தோட்டா வெளியே விழுந்து அடுத்தது தானாக ஏறிவிடும். விசையை மறுபடி அழுத்தினால் மறுபடி சுடும். அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடாது. அப்படிச் சுடுவது முழு ஆட்டோமேட்டிக், அது இராணுவத்துக்கும் போலீசுக்கும் உரியது.

மூன்றுக்கும் ஒரே தோட்டாதான். அதனால் வைத்திருப்பவருக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை. சட்டத்தில் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது?

அடிப்படை 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். நடைமுறை விவரங்கள் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் இருக்கின்றன. 2019-இல் வந்த திருத்தம் தண்டனைகளைக் கூட்டியது, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது, லைசென்ஸ் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டியது. சட்டம், விதிகள், திருத்தம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் விஷயம் விளங்கும்.

சட்டத்தின் 13-ஆம் பிரிவைப் படிக்கிறவருக்கு நம்பிக்கை வந்துவிடும். குழாய் 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்பக்கம் வழவழப்பான துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டால், வேறு தடை எதுவும் இல்லாதபட்சத்தில் லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நம் 12 போர் துப்பாக்கி வழவழப்பான குழாய்தான், நீளமும் இருபதுக்கு மேல்தான், அப்புறம் என்ன என்று தோன்றும்.

விதிகளின் முதல் அட்டவணைக்குப் போனால் கதை மாறுகிறது. அங்கே துப்பாக்கிகளை வகை வகையாகப் பிரித்திருக்கிறார்கள். மூன்றாவது வகையில் சாதாரணக் குடிமக்கள் வைத்துக்கொள்ளக்கூடியவை: பிஸ்டல், ரிவால்வர், சில ரைபிள்கள், பின்பக்கம் தோட்டா போடும் வழவழப்புக் குழாய் துப்பாக்கிகள். ஆனால் அந்த வகையின் தலைப்பிலேயே, முதல் வகையில் வராதவை மட்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த முதல் வகையில்தான் செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகள் பொதுவாக வருகின்றன. அதே வரியில் 20 அங்குலத்துக்குக் குறைவான குழாய் உள்ள வழவழப்புத் துப்பாக்கிகளும் வருகின்றன. ஆகவே ஒரு செமி ஆட்டோமேட்டிக் 12 போர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் கட்டுப்பாடு மிகுந்த அந்த முதல் வகைக்குப் போய்விடுகிறது. ஒரு சாதாரண டபுள் பேரலும், குழாயை வெட்டிக் குட்டையாக்கினால், அதே இடத்துக்குப் போய்விடுகிறது.

"பிஸ்டலும் தானா லோடு ஆகுறதுதானே, அதுக்கு மட்டும் எப்படி கலெக்டர் லைசென்ஸ் கொடுக்கிறார்?" நியாயமான கேள்விதான். மூன்றாவது வகையில் பெயர் சொல்லிச் சேர்த்திருப்பதால் பிஸ்டலுக்கு விலக்கு கிடைக்கிறது. அதிலும் இராணுவத் தோட்டா சுடும் போர் என்றால் விலக்கு கிடையாது. செமி ஆட்டோமேட்டிக் வேட்டைத் துப்பாக்கிக்கு அப்படி விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. ஆயுளில் ஒரு முறைகூடச் சட்டப் புத்தகத்தைத் திறக்காத ஒரு விவசாயியிடம், அட்டவணையில் இருக்கும் அரை வரியை நீயே கண்டுபிடித்துக்கொள் என்று விடுவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. கலெக்டர் அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் இதைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி ஒட்டினாலே பலர் வழக்கிலிருந்து தப்புவார்கள்.

சரி, இந்தப் பிரிவினையால் நடைமுறையில் என்ன ஆகிறது? மூன்றாவது வகைக்கு லைசென்ஸ் கொடுப்பவர் நம் மாவட்டத்தில் கலெக்டர். முதல் வகைக்கு மத்திய உள்துறை அமைச்சகம்தான் கொடுக்க வேண்டும். அதுவும் உயிருக்குக் கடுமையான அச்சுறுத்தல் போன்ற காரணங்களைப் பார்த்துத்தான். போட்டிகளில் சுடும் வீரர்களுக்கு விதிகளில் தனி ஏற்பாடு உண்டு, அதை இங்கே விரிக்கவில்லை.

தண்டனையும் வேறு. லைசென்ஸ் இல்லாமல் சாதாரண வகைத் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. தடை செய்யப்பட்ட ஆயுதம் என்று வழக்குப் பதிவானால் 7 முதல் 14 ஆண்டு வரை.

அப்பா இறந்த பிறகு

லைசென்ஸ் என்பது ஆளுக்குக் கொடுப்பது. துப்பாக்கி சொத்தாக வாரிசுக்கு வரலாம். லைசென்ஸ் தானாக வராது. வைத்திருந்தவர் இறந்த பிறகு அந்தத் துப்பாக்கி பீரோவில் இருக்கும் ஒவ்வொரு நாளும் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிதான். காரியம் முடியட்டும், பங்கு பாகம் பேசி முடியட்டும் என்று தள்ளிப்போடுவதில்தான் நல்ல குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன.

21-ஆம் பிரிவு வழியைக் காட்டுகிறது: காலதாமதம் இல்லாமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ரசீது வாங்கும்போது நின்று படித்துப் பாருங்கள். தயாரித்த கம்பெனியின் பெயர், குழாயில் உள்ள எண், போர், குழாய் நீளம், எத்தனை தோட்டா என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். "12 போர் துப்பாக்கி – 1" என்று மட்டும் எழுதிக்கொடுத்தால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. ஒப்படைத்த பொருளைச் சட்டப்படி திரும்பப் பெறவும் விற்கவும் வாரிசுக்கு உரிமை உண்டு, ஆனால் அதற்குக் கெடு உண்டு. கெடு தாண்டினால் அரசுக்குப் போய்விடும்.

வாரிசு பெயரில் லைசென்ஸ் கேட்க விதிகள் இடம் தருகின்றன. வைத்திருப்பவர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயது ஆனாலோ 25 ஆண்டு துப்பாக்கியை வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்றிக் கேட்கலாம். இதுதான் நல்ல வழி. அப்பா பக்கத்தில் இருக்கும்போது துப்பாக்கி எப்போது, எங்கே வாங்கியது என்று அவரே சொல்லிவிடுவார். வாரிசுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். வாரிசாக வந்தாலும் இரண்டு துப்பாக்கி வரம்பைத் தாண்ட முடியாது.

அப்பாவின் பழைய லைசென்ஸ் புத்தகத்தில் வெறுமனே "12 போர் துப்பாக்கி" என்று இருந்து, பொருள் செமி ஆட்டோமேட்டிக்காக இருந்தால்? மறைக்காதீர்கள். இத்தனை வருஷம் புதுப்பித்தார்களே, இனி என்ன என்ற நம்பிக்கை, துப்பாக்கியை நேரில் பரிசோதிக்கும் நாளில் உடைந்துவிடும். முதலில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டு, என்ன வகை என்பதை எழுத்தில் சொல்லி, எழுத்திலேயே பதில் கேளுங்கள்.

கை வைப்பதற்கு முன்

துப்பாக்கியை மாற்றியமைப்பதில்தான் நல்ல லைசென்ஸ் வைத்திருப்பவரும் குற்றவாளி ஆகிறார். 6-ஆம் பிரிவின்படி தனி லைசென்ஸ் இல்லாமல் குழாயைக் குறைக்கக் கூடாது. 2019 திருத்தம் இன்னொன்றையும் சேர்த்தது: விதிகளில் சொன்ன ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றவும் கூடாது. மீறினால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. கவனியுங்கள், லைசென்ஸே இல்லாமல் வைத்திருப்பதற்கான தண்டனையைவிட இது பல மடங்கு.

எந்தத் திசையில் மாற்றினால் குற்றம் என்று அந்தப் பிரிவு பிரித்துச் சொல்லவில்லை. "தானா லோடு ஆகுறதுதானே பிரச்சினை, அதை அடைச்சுட்டு ஒவ்வொரு தோட்டாவா போடுற மாதிரி பண்ணிடுவோம், அப்ப சாதாரண வகைக்கு வந்துரும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். நல்ல எண்ணத்தில் சொன்னாலும் அது ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றுவதுதான். பட்டறையில் செய்தவருக்கும் சிக்கல், ஏனென்றால் துப்பாக்கியைப் பழுது பார்க்கவே 5-ஆம் பிரிவின்படி தொழிலுக்கான லைசென்ஸ் வேண்டும். சத்தத்தையோ நெருப்பையோ குறைக்கும் சைலன்சர் போன்ற உறுப்புகளும் முதல் வகையில்தான் வருகின்றன. துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருப்பது அதற்குச் செல்லாது.

நம் கடற்கரைக்கே உரிய ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். உப்புக்காற்றில் இரும்பு நிற்காது. எண்ணெய் போடாமல் ஒரு மழைக்காலம் விட்டாலே குழாயின் அடிப்பக்கம் செம்பழுப்பு பூத்துவிடும். அதை உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பார்கள். எண்ணும் தயாரிப்பாளர் முத்திரையும் பொறித்திருப்பது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். அழுத்தித் தேய்த்தால் முதலில் மங்குவது முத்திரை, அப்புறம் எண்ணின் மெல்லிய கோடுகள். 8-ஆம் பிரிவு இதைத் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. எண் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே அழித்தார் என்று எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. எண்ணெய்த் துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். துரு ஆழமாக இறங்கியிருந்தால், எண் தெளிவாகத் தெரியும்படி முன்கூட்டியே போட்டோ எடுத்துவைத்துக்கொண்டு, லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். நீங்கள் போக முடியாமல் மகனையோ தம்பியையோ அனுப்பினால், பழுதுக்காகக் கொண்டு போகிறார் என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு கடிதம் அவரிடம் இருக்க வேண்டும். 3-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. கடிதம் இல்லாவிட்டால் வழியில் மறித்தால் பதில் சொல்ல முடியாது.

பத்து கிலோமீட்டர் கணக்கு

துப்பாக்கி எந்த வகையாக இருந்தாலும் நம் மாவட்டத்துக்காரர்கள் கூடுதலாக ஒரு சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிய துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்க, தலைமை வன உயிரினக் காப்பாளரின் ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டும். ஒரு இடம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டால், அந்த எல்லைக்குள் ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் மூன்று மாதத்துக்குள் அவரிடம் பெயரைப் பதிவு செய்யவும் வேண்டும்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். முதுகுளத்தூர் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம். அப்புறம் மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர், தேர்த்தங்கல். இராமநாதபுரம் டவுனை ஒட்டியே சக்கரக்கோட்டை. எல்லாம் பறவைகள் சரணாலயங்கள். கடல் பக்கம் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, இராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள். தேசியப் பூங்காவுக்கும் இந்த 34-ஆம் பிரிவு பொருந்தும். மண்டபமும் கீழக்கரையும் இந்தக் கணக்குக்குள் வந்துவிடுகின்றன. அதனால் உங்கள் விண்ணப்பம் வனத்துறைக்குப் போய்த் திரும்ப நாளாகலாம். அதை மறுப்பு என்று நினைத்து மனம் தளர வேண்டாம். சரணாலயத்துக்குள்ளோ தீவுகளுக்கோ அனுமதி இல்லாமல் துப்பாக்கியோடு போவது தனிக் குற்றம்.

மிளகாய்க் கொல்லைக்காரர்களுக்கு இதில் வருத்தமான ஒரு செய்தி உண்டு. கருவேலங்காட்டிலிருந்து இரவில் இறங்கும் பன்றிக்கூட்டம் ஒரே நடையில் கொல்லையைக் கிளறிவிட்டுப் போவது உண்மை, அந்த நஷ்டமும் உண்மை. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று சட்டம் முதலில் காட்டுவது முன்பக்கம் மருந்து திணிக்கும் பழைய வகைத் துப்பாக்கியை. அது போதாது என்று அதிகாரி ஏற்றுக்கொண்டால் வேறு வழவழப்புக் குழாய் துப்பாக்கியும் கொடுக்கலாம். செமி ஆட்டோமேட்டிக் இந்தக் கணக்கில் வராது. எந்த லைசென்ஸ் இருந்தாலும் அது காட்டுப்பன்றியையோ மயிலையோ சுட அனுமதி ஆகாது. இரண்டும் பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள். பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்டு மனுக் கொடுக்கலாம்.

வளைகுடாவிலிருந்து திரும்பும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை: பெட்டியோடு துப்பாக்கி கொண்டுவர முடியாது. நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர், அங்கே குறைந்தது ஓர் ஆண்டு வைத்துப் பயன்படுத்திய, இங்கே அனுமதிக்கப்பட்ட போர் துப்பாக்கி ஒன்றை நிபந்தனைகளோடும் சுங்க வரியோடும் கொண்டுவரலாம். அதற்கும் இங்கே லைசென்ஸ் முதலில் வேண்டும்.

மனுவில் என்ன எழுதுவது?

கலெக்டர் அலுவலகத்துக்குக் கொடுக்கும் மனுவில், இறந்தவரின் லைசென்ஸ் எண், ஆயுத லைசென்ஸ்களுக்கான தேசியத் தரவுத்தளத்தில் பதிவான தனி அடையாள எண், துப்பாக்கியின் எண், தோட்டா ஏறும் முறை, குழாய் நீளம், ஒப்படைத்த இடம், ரசீது தேதி எல்லாவற்றையும் எழுதுங்கள். கேள்வியை ஒரே வரியில் நேராகக் கேளுங்கள்: இந்தத் துப்பாக்கி விதிகளின் முதல் அட்டவணையில் எந்த வகையில் வருகிறது, என் பெயரில் லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் யாருக்கு? இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றை இணைத்து, மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது. பொதுநலன் கருதி மறைத்தால் ஒழிய, கேட்டால் அதன் சுருக்கத்தைத் தரவும் வேண்டும். 18-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. மேல்முறையீடும் வேண்டாம், விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தால், லைசென்ஸ் உள்ள வியாபாரி வழியாகப் போவது சுலபம். தனியாருக்கு நேரடியாக விற்பதானால், வாங்குபவருக்கு அந்த வகைத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும். விற்பதற்கு 45 நாள் முன்பே கலெக்டருக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும்.