ட்ரைபாட் என்னும் முக்காலி

புதிய டிஜிட்டல் கேமராவோடு கடைக்காரர் எடுத்து வைக்கிற துணைக்கருவிகளில் பை, மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி ஆகியவற்றைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. அவை எப்படியும் தேவைப்படும். நிதானமாகப் பார்த்து வாங்க வேண்டியது கேமராவை அசையாமல் தாங்கும் ட்ரைபாட். அதற்குத் தமிழில் முக்காலி என்று அருமையான சொல் இருக்கிறது.

ட்ரைபாட் லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த கிரேக்கச் சொல். 'ட்ரை' என்றால் மூன்று, 'பூஸ்' என்றால் பாதம். வடமொழியின் 'திரி', 'பாதம்' இரண்டும் இவற்றுக்கு உறவுச் சொற்கள். பழங்கிரேக்கத்தில் இந்தச் சொல் கொப்பரையைத் தாங்கும் மூன்று கால் வெண்கலத் தாங்கியைக் குறித்தது. டெல்ஃபி கோயிலில் அருள்வாக்குச் சொன்ன பித்தியா என்னும் பெண் பூசாரி அமர்ந்ததும் அப்படிப்பட்ட ஆசனத்தில்தான். கி.மு. 479இல் பிளாட்டியா போரில் பாரசீகரை வென்ற கிரேக்கர்கள் அந்தக் கோயிலுக்குப் பொன்னால் ஆன முக்காலியைக் காணிக்கை தந்தார்கள். பொன் எப்போதோ போய்விட்டது. அதைத் தாங்கிய வெண்கலப் பாம்புத் தூண் மட்டும் சிதைந்த நிலையில் இஸ்தான்புல்லில் நிற்கிறது.

தமிழில் மூன்று என்பது 'மு' எனக் குறுகி, கால் என்பதோடு சேரும்போது வல்லினம் மிகுந்து 'முக்கால்' ஆகிறது. இகர விகுதி பெற்று 'முக்காலி', அதாவது மூன்று கால்களை உடையது. முக்கனி, முத்தமிழ், முப்பால் என்பவற்றிலும் இதே 'மு'தான். நாற்காலியும் இப்படிப் பிறந்ததே. கால் என்ற சொல்லுக்கு நான்கில் ஒரு பங்கு என்ற பொருளும் உண்டு. கேமராவின் அடியில் முக்காலியைப் பொருத்தும் திருகும் கால் அங்குல அளவுதான்!

முக்காலி என்றால் உட்காரும் பலகைதானே என்று சிலர் தயங்குகிறார்கள். கிரேக்கச் சொல்லும் ஆசனத்தையும் கொப்பரைத் தாங்கியையும் குறித்துவிட்டுத்தான் கேமராவுக்கு வந்தது. இடம் பொருளை உணர்த்திவிடும். ஐயம் வரும் இடத்தில் 'கேமரா முக்காலி' என்று எழுதினால் போதும். புதிதாக ஒரு கூட்டுச்சொல்லை உருவாக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஏன் மூன்று கால்? எந்த மூன்று புள்ளிகளும் ஒரே தளத்தில் அமையும். நான்காவது புள்ளிக்கு அந்த உறுதி கிடையாது. அதனால் மேடுபள்ளமான தரையிலும் மூன்று கால்களும் ஒருசேரப் பதியும். மூன்று கல் கூட்டிய அடுப்பில் பானை ஆடாமல் உட்கார்வதும் இதனால்தான். வானில் மூன்று மீன்களாகத் தெரியும் பரணிக்கு 'அடுப்பு' என்றே பழந்தமிழில் ஒரு பெயர் உண்டு.

ஒளிப்படக் கலையின் தொடக்க காலத்தில் தாங்கி இல்லாமல் வேலையே நடக்காது. மெழுகு பூசிய காகித நெகட்டிவில் ஒளி பதிய நெடுநேரம் பிடிக்கும். மதராஸ் அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். கேமரா அசையாமல் நின்றிருக்காவிட்டால் அந்தப் படத்தில் எழுத்துகள் தெளிவாக விழுந்திருக்காது.

வாங்கும்போது அந்த அசையாமையைத்தான் சோதிக்க வேண்டும். கேமராவோடு இலவசமாகத் தரும் பிளாஸ்டிக் முக்காலி பெரும்பாலும் வீண். உங்கள் கேமராவின் எடையையும் உங்களிடம் இருப்பதிலேயே கனமான லென்ஸின் எடையையும் கூட்டி, அதைப்போல் இருமடங்காவது தாங்கும் முக்காலியைக் கேளுங்கள். கடையிலேயே கால்களை முழுதாக நீட்டி, கேமராவைப் பொருத்தி, திரையில் காட்சியைப் பெரிதாக்கிவிட்டு ஒரு காலை விரலால் லேசாகத் தட்டுங்கள். காட்சியின் நடுக்கம் உடனே அடங்கினால் நல்லது. ஆடிக்கொண்டே இருந்தால் வேண்டாம். அலுமினியம் விலை குறைவு, கார்பன் ஃபைபர் எடை குறைவு. நிறைய நடப்பவர்கள் மட்டும் இரண்டாவதற்குச் செலவிடலாம்.

நடுத்தண்டை உயர்த்தி உயரம் கூட்டுவது பலருக்கும் பழக்கம். அப்படிச் செய்தால் கேமரா அந்த ஒற்றைத் தண்டின் உச்சியில் நின்று ஆடும். முக்காலியின் பயனே போய்விடும். முதலில் கால்களில் தடித்த பகுதிகளை நீட்டுங்கள், மெல்லியவற்றைக் கடைசியில். ஒரு கால் லென்ஸ் பார்க்கும் திசையில் இருந்தால் கனமான லென்ஸ் முன்பக்கம் சாயாது. படமெடுக்கும்போது இரண்டு விநாடி டைமர் வைத்தால், பொத்தானை அழுத்தும் அதிர்வும் படத்தில் சேராது.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலி வைக்க அனுமதி கேட்பார்கள், முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள். கூட்டம் நெரியும் திருவிழாக்களில் அதை விரிக்க இடமே இருக்காது. அங்கே மோனோபாட் உதவும். 'மோனோ' என்பது ஒன்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல். தமிழில் அதை ஒற்றைக்கால் தாங்கி எனலாம். அது தானாக நிற்காது. உங்கள் இரண்டு கால்களும் சேர்ந்தால்தான் அங்கேயும் கணக்கு மூன்றாகும்.