வெர்ஷன் என்றால் பதிப்பா, வகையா? ஹோம் தியேட்டர் கணினியை முன்வைத்து ஒரு சொல் விளக்கம்

டிவியோடு இணைத்துப் படம் பார்க்க ஒரு கணினியை ஒதுக்கி வைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த வெர்ஷன் போடலாம்?" என்பதுதான். ஒருவர் விண்டோஸ் 11 என்பார். அடுத்தவர் ஹோம் போதும், ப்ரோ வேண்டாம் என்பார். 24எச்2 போடுங்கள் என்று ஒருவர், எல்டிஎஸ் எதுவானாலும் சரி என்று இன்னொருவர். நான்கும் வெர்ஷனைப் பற்றிய பதில் மாதிரிதான் தெரிகிறது, ஆனால் அவர்கள் பேசுவது ஒரே விஷயத்தை இல்லை. கேட்டவர் குழம்பிப் போவதற்குக் காரணம், அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு மூன்று கேள்விகள் அடைபட்டுக் கிடப்பதுதான்.

சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். லத்தீனில் வெர்ட்டெரே என்றால் திருப்புதல். அதிலிருந்து வெர்சியோ, பிறகு பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வெர்ஷன். அங்கே முதலில் அதற்கு மொழிபெயர்ப்பு என்றுதான் பொருள், ஒரு நூலை வேறு மொழிக்குத் திருப்புவது. (நாம் பெயர்க்கிறோம், அவர்கள் திருப்பினார்கள்.) பிறகு ஒரே நிகழ்ச்சியை ஒருவர் தன் பக்கத்திலிருந்து சொல்வதும் வெர்ஷன் ஆனது, அப்புறம் ஒரே பொருளின் மாறிய வடிவம் என்ற பொருளும் சேர்ந்தது. மென்பொருள்காரர்கள் எடுத்துக்கொண்டது இந்தக் கடைசிப் பொருளை. அதன் வாலில் ஒரு வரிசை எண்ணையும் கட்டிவிட்டார்கள்.

இதன் பக்கத்திலேயே எப்போதும் நிற்கிற இன்னொரு சொல் எடிஷன். அது எடெரே என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது, வெளியே தருதல் என்று பொருள். அப்படிப் பார்த்தால் எடிஷனுக்கு நேர்ச்சொல் வெளியீடு என்றாக வேண்டும். ஆனால் நாம் வெளியீட்டை ரிலீஸுக்குக் கொடுத்துவிட்டோம், அதைத் திரும்பப் பிடுங்கத் தேவையில்லை.

தமிழில் வெர்ஷனுக்கு நிலைத்துவிட்ட சொல் பதிப்பு. பதி என்ற வினை அழுந்துவதையும் அழுத்துவதையும் சொல்லும்: மண்ணில் கால் சுவடு பதிந்தது, தாளில் முத்திரை பதித்தார். பதிந்தது பதிவு, பதித்தது பதிப்பு. ஏட்டுச்சுவடியில் இருந்தவை அச்சுக்கு வந்தபோது, தாளில் எழுத்தைப் பதிக்கிற வேலைக்குப் பதிப்பு என்ற பெயர் பொருத்தமாக அமைந்தது, பதிப்பாசிரியரும் பதிப்பகமும் அதைத் தொடர்ந்து வந்தன. நூல் உலகில் இந்தச் சொல்லை நாம் இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முதற்பதிப்பு, இரண்டாம் பதிப்பு, திருத்திய பதிப்பு என்று சொல்லும்போது அது காலவரிசை, பழையதன் இடத்தில் புதியது வருகிறது. மலிவுப் பதிப்பு, மாணவர் பதிப்பு, நூலகப் பதிப்பு என்று சொல்லும்போது அவை ஒரே சமயத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடைப்பவை, யாருக்காக என்பதில்தான் வேறுபாடு. அதாவது வெர்ஷன், எடிஷன் இரண்டையும் தமிழ்ப் பதிப்பு ஒன்றே சுமக்கிறது. புத்தகத்தில் இதனால் பிரச்சினை இல்லை, முன்னால் நிற்கும் சொல் காப்பாற்றிவிடும். கணினிக்கு வரும்போதுதான் இடிக்கிறது.

இதற்கு ஹோம் தியேட்டர் கணினியின் வரலாற்றிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் இந்தக் கணினிகளுக்கென்றே ஒரு விண்டோஸை விற்றது, டிவித் திரையில் படமும் பாட்டும் போட்டுப் பார்க்கும் மீடியா சென்டர் என்ற செயலியோடு. அதன் முழுப்பெயர் விண்டோஸ் எக்ஸ்பி மீடியா சென்டர் எடிஷன் 2005. 2002, 2004 என்றும் அதற்கு முந்தையவை உண்டு. பெயரைப் பிரித்துப் பாருங்கள். எக்ஸ்பி என்பது வெர்ஷன், மீடியா சென்டர் எடிஷன் என்பது அந்த எக்ஸ்பியின் ஒரு வகை, கடைசியில் வரும் 2005 அந்த வகையின் வெர்ஷன். எல்லாவற்றுக்கும் பதிப்பு என்று போட்டால் "எக்ஸ்பி பதிப்பின் மீடியா சென்டர் பதிப்பின் 2005 பதிப்பு" என்று ஆகும், யாருக்கும் புரியாது.

அதற்குப் பிறகு மீடியா சென்டர் தனி எடிஷனாக இல்லாமல் சில எடிஷன்களுக்குள் ஓர் அங்கமாகப் போனது. விண்டோஸ் 7-இல் ஹோம் பிரீமியத்திலும் அதற்கு மேற்பட்டவற்றிலும் அது இருந்தது, ஸ்டார்ட்டரிலும் ஹோம் பேசிக்கிலும் இல்லை. ஆக "விண்டோஸ் 7 போடுங்கள், மீடியா சென்டர் வரும்" என்ற பதில் பாதிதான் சரி. 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல் அது ப்ரோவுக்கு மட்டும், அதுவும் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் தொகுப்பாக ஆனது. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது அடியோடு போய்விட்டது. இதில் எங்கே வெர்ஷன் மாறியதால் இழப்பு, எங்கே எடிஷன் மாறியதால் இழப்பு என்று தமிழில் சொல்ல நமக்கு இரண்டு சொல் கட்டாயம் வேண்டும்.

என் பரிந்துரை இதுதான். வெர்ஷனுக்குப் பதிப்பு என்பதை அப்படியே விட்டுவிடலாம், அது ஊன்றிவிட்ட சொல். எடிஷனுக்கு வகை என்று சொல்வோம். ஹோம் வகை, ப்ரோ வகை. புதுச்சொல் எதுவும் செய்ய வேண்டாம், வகை எல்லாருக்கும் தெரிந்த சொல், ஒரே சமயத்தில் அருகருகே இருப்பவற்றுக்குத்தான் அதைச் சொல்கிறோம். பதிப்பு பழையதாகும், வகை பழையதாகாது. ஒரு பதிப்புக்குள்ளேயே வரும் திருத்தங்களை அடையாளம் காட்டும் பில்ட் எண்ணுக்கு உருவாக்க எண் என்று எழுதலாம், பேச்சில் பில்ட் எண் என்றே சொன்னாலும் பாதகமில்லை. "இது அவர் வெர்ஷன்" என்று பேச்சில் சொல்கிறோமே, அங்கே மட்டும் பதிப்பு கூடவே கூடாது, அதற்குத் தரப்பு என்ற அருமையான சொல் இருக்கிறது.

இந்தப் பிரிவு வந்துவிட்டால் தேர்வும் தானாகத் தெளிகிறது. விண்டோஸில் பதிப்பைப் பற்றி அதிகம் யோசிக்க இடமே இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது, ஆகவே வன்பொருள் ஏற்றுக்கொண்டால் 11, அதிலும் ஆதரவில் இருக்கும் அண்மைப் பதிப்பு. 24எச்2 என்பதில் 24 ஆண்டு, எச்2 அந்த ஆண்டின் இரண்டாம் பாதி. ஹோம், ப்ரோ வகைகளுக்கு இப்படி ஒவ்வொரு பதிப்பும் 24 மாதம் ஆதரவு பெறும்.

யோசிக்க வேண்டியது வகையைத்தான். ப்ரோவின் பெரிய கவர்ச்சி ரிமோட் டெஸ்க்டாப், அதாவது இந்தக் கணினியை இன்னொரு கணினியிலிருந்து இயக்கும் வசதி, ஆனால் வேறு இடத்திலிருந்து அப்படி உள்ளே நுழைந்தால் டிவித் திரை பூட்டிக்கொள்ளும், படம் பார்க்கும் கணினிக்கு அதனால் பெரிய பலன் இல்லை. ஹோம் போதும். என் என்ற எழுத்து ஒட்டிய வகை (ஹோம் என், ப்ரோ என்) மட்டும் தெரியாமல் கைக்கு வந்துவிடக் கூடாது. ஐரோப்பிய ஆணையத்தின் 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஒட்டி உருவான வகை அது, மீடியா பிளேயரும் அது சார்ந்த ஊடகக் கூறுகளும் அகற்றப்பட்டவை. ஊடகத்துக்கென்றே வாங்கும் கணினியில் ஊடகக் கூறுகள் இல்லாத வகையைப் போட்டுவிட்டு, ஏதோ கோப்பு காணவில்லை என்று செயலிகள் திறக்க மறுக்கும்போது, "இந்த வெர்ஷன் சரியில்லை" என்று சொல்கிறவர்கள் உண்டு. பதிப்பில் ஒரு குறையும் இல்லை, வகைதான் தவறு. மீடியா ஃபீச்சர் பேக் என்ற இலவசத் தொகுப்பை நிறுவினால் சரியாகிவிடும்.

விண்டோஸின் எல்டிஎஸ்சி-யும் (லாங் டெர்ம் சர்வீசிங் சேனல்) இப்படித்தான். பெயரில் நீண்டகாலம் என்று இருப்பதால் பதிப்பு போலத் தோன்றும், உண்மையில் அது நிறுவனங்களுக்கான எண்டர்பிரைஸ் வகையின் ஒரு கிளை. அதில் ஸ்டோர் கிடையாது. நெட்ஃபிளிக்ஸ் 4கே-க்குத் தேவையான ஹெச்இவிசி (காணொளியைச் சுருக்கும் ஒரு முறை) நீட்சியை ஸ்டோரிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், அமைதியான விண்டோஸ் வேண்டும் என்று இதைத் தேடிப் போகிறவர்கள் அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். இதே ஒலியுள்ள எல்டிஎஸ், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் வருவது, வேறு. அது பதிப்பைத்தான் குறிக்கிறது: 24.04 என்றால் 2024 ஏப்ரலில் வந்தது, ஐந்தாண்டு ஆதரவு. இடையில் வரும் மற்றப் பதிப்புகளுக்கு ஒன்பது மாதம்தான். டிவிக்குப் பின்னால் போட்டுவிட்டு மறந்துவிட நினைக்கும் கணினிக்கு ஒன்பது மாதப் பதிப்பைப் போடுவது வீண் வேலை. எல்டிஎஸ்ஸைத் தமிழில் நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்றே சொல்லலாம், நீளம்தான், பொருள் துல்லியம்.

சொந்தக் கோப்புகளை மட்டும் பார்க்கிறவர்களுக்கு லிப்ரெஎலெக் இருக்கிறது. கோடி என்ற ஊடகச் செயலி ஓடத் தேவையானது மட்டுமே உள்ள லினக்ஸ் இது, 2016-இல் ஓபன்எலெக்கிலிருந்து பிரிந்தது. சந்தா தளங்களின் 4கே இதில் எதிர்பார்க்கக் கூடாது. இங்கே பதிப்பு எண்கள் இரண்டு, இயங்குதளத்தினுடையது ஒன்று, கோடியினுடையது ஒன்று: லிப்ரெஎலெக் 11-இல் கோடி 20, 12-இல் கோடி 21. இது ஏன் முக்கியம் என்றால், இரண்டு மூன்று அறைகளில் உள்ள கணினிகள் ஒரே தரவுத்தளத்தைப் பகிர்ந்து பார்த்த படம், பார்க்காத படம் என்று குறித்துக்கொள்ள வேண்டுமானால் எல்லாவற்றிலும் கோடியின் முதன்மை எண் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 20, இன்னொன்றில் 21 என்றால் ஒவ்வொன்றும் தனித்தனித் தரவுத்தளத்தில் எழுதும். 2021-இல் கோடி 19 வந்தபோது பைத்தான் நிரல்மொழியின் 2-ஐ விட்டு 3-க்கு மாறியதால், கோடியோடு சேர்க்கும் துணைச் செயலிகளான ஆட்-ஆன்களில் பழையவை பலவும் நின்றுபோயின, அவற்றை நம்பியிருந்தவர்கள் கொஞ்ச காலம் 18-லேயே இருக்க வேண்டியதாயிற்று. இது சுத்தமாகப் பதிப்புப் பிரச்சினை, வகையை மாற்றினால் தீராது. புள்ளிக்குப் பின்னால் வரும் எண் சின்னத் திருத்தம்தான். 21.0 வந்த அன்றே ஓடாமல் 21.1 வரைக்கும் பொறுப்பது நல்லது என்பது என் எண்ணம்.

அடுத்த முறை யாரிடமாவது கேட்கும்போதும் பிரித்துக் கேளுங்கள். விண்டோஸில் அமைப்புகளுக்குள் போய் அபௌட் பக்கத்தைப் பார்த்தால் எடிஷன், வெர்ஷன், ஓஎஸ் பில்ட் என்று தனித்தனி வரியாகவே இருக்கும். அதை அப்படியே தமிழில் எழுதுங்கள்: "இயங்குதளம் விண்டோஸ் 11, வகை ஹோம், பதிப்பு 24எச்2, கோடி 21. ஹெச்டிஆர் படங்கள் வெளிறித் தெரிகின்றன, என்ன செய்யலாம்?"