பிக்கப்பின் பின்தொட்டியில் சுழலும் காற்று

மின்சார பிக்கப் டிரக் வாங்குவதா, மின்சார எஸ்யூவி வாங்குவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும் வாசகர் ஒருவர் அருமையான கேள்வி ஒன்றை அனுப்பியிருந்தார். ரிவியன் நிறுவனம் ஆர்1டி என்று ஒரு பிக்கப்பும் ஆர்1எஸ் என்று ஒரு எஸ்யூவியும் செய்கிறது. இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றுதான், முன்பக்கமும் ஒன்றுதான். முதலில் வந்தபோது பேட்டரியும் ஒன்றுதான், சுமார் 135 யூனிட் (கிலோவாட்-மணி). அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கில் டிரக்கின் ரேஞ்ச், அதாவது ஒருமுறை முழுதாகச் சார்ஜ் செய்தால் போகும் தூரம், 314 மைல், எஸ்யூவியின் ரேஞ்ச் 316 மைல். கிலோமீட்டரில் 505, 508. "எஸ்யூவிக்குக் கூரை கடைசிவரை போகிறது, டிரக்குக்குப் பின்னால் சாமான் ஏற்றும் பெரிய திறந்த தொட்டி இருக்கிறது, காற்று அதற்குள் விழுந்து வண்டியைப் பின்னால் இழுக்காதா? பின்கதவை இறக்கிவிட்டு ஓட்டினால் ரேஞ்ச் கூடுமா?" என்கிறார்.

கூடாது. பெரும்பாலும் குறையத்தான் செய்யும். அது ஏன் என்பதற்குள்தான் எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் இருக்கிறது, ஆனால் அதற்கு முன் அடிப்படையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

சமமான சாலையில் ஒரே வேகத்தில் போகும் வண்டி இரண்டு தடைகளோடு போராடுகிறது. ஒன்று டயரின் உருளல் தடை, இது எடையைப் பொறுத்தது. இன்னொன்று காற்றுத் தடை. இது வண்டியின் முகப்புப் பரப்பையும் வடிவத்தையும் பொறுத்தது, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பெரிய பிக்கப் ஒன்றுக்கு நியாயமான எண்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்றுக்கு மட்டும் கிலோமீட்டருக்கு 0.2 யூனிட், டயருக்கு 0.08 யூனிட், மோட்டார் முதலியவற்றின் இழப்பையும் சேர்த்தால் மொத்தம் 0.33 அளவில் வருகிறது. வழவழப்பான பெரிய எஸ்யூவிக்கு இதே கணக்கு 0.23-க்குள் முடிந்துவிடுகிறது. 130 யூனிட் பேட்டரி வைத்த டிரக் 400 கிலோமீட்டர் போகிற இடத்தில் 100 யூனிட் பேட்டரி வைத்த எஸ்யூவி 430 போகிறது என்றால் காரணம் இதுதான், பேட்டரியின் அளவை மட்டும் பார்த்து வண்டி வாங்கக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான்.

பெட்ரோல் வண்டிக்கும் இதே காற்றுதானே, அப்போது ஏன் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை? பெட்ரோல் இன்ஜின் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வெளியே தள்ளிவிடுகிறது. அதோடு, சுமை குறைவாக இருக்கும்போது அதன் திறன் இன்னும் மோசம், சுமை ஏறும்போது திறன் கொஞ்சம் தேறும். அதனால் காற்றுத் தடை இரண்டு மடங்கானாலும் பெட்ரோல் செலவு அப்படியே இரண்டு மடங்காகாது. மின்மோட்டாரோ லேசான சுமையிலும் கனமான சுமையிலும் 90 சதவீதத்தை ஒட்டிய திறனோடு வேலை செய்கிறது, அதனால் காற்று கேட்பதெல்லாம் நேராக மீட்டரில் தெரிகிறது. இன்னொன்று, கையிருப்பும் குறைவு. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. ஃபோர்டு எஃப்-150 லைட்னிங்கின் பெரிய பேட்டரி 131 யூனிட், அதாவது 15 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். அவ்வளவை வைத்துக்கொண்டு அந்தப் பெரிய உடம்பு 500 கிலோமீட்டரை ஒட்டிப் போகிறதே என்று எனக்கு இன்றும் வியப்புதான்!

சரி, தொட்டிக்கு வருவோம்.

வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால்தான் தடை வருகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில், முன்பக்கம் ஓரளவு வளைவாக இருந்துவிட்டால் அங்கே பெரிய நஷ்டமில்லை. நஷ்டமெல்லாம் பின்னால். கூரை சட்டென்று முடியும் இடத்தில், மேலே வேகமாக வந்த காற்றால் அப்படியே மடங்கிக் கீழே இறங்க முடியாது, அது வண்டியை விட்டுப் பிரிந்துவிடுகிறது. பிரிந்த இடத்துக்குக் கீழே அழுத்தம் குறைந்த ஒரு குழப்பமான பகுதி உருவாகிறது. முன்னால் அழுத்தம் அதிகம், பின்னால் குறைவு, இந்த வித்தியாசம்தான் வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. எஸ்யூவிகளுக்குப் பின்கண்ணாடியில் வைப்பர் வைப்பதும் இதனால்தான். செங்குத்தான பின்பக்கத்தில் காற்று கீழிருந்து மேலே சுருண்டு வரும்போது டயர் கிளப்பிய சேற்றையும் புழுதியையும் கொண்டுவந்து கண்ணாடியில் அப்பிவிடுகிறது. சரிவான பின்கண்ணாடி உள்ள செடான் கார்களுக்கு இது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை, மேலிருந்து வரும் காற்றே கண்ணாடியைத் தழுவித் துடைத்துக்கொண்டு போய்விடுகிறது.

பிக்கப்பில் நடப்பது இன்னும் அழகு. கேபினின் கூரை முடிந்ததும் காற்று பிரிகிறது, பின்னால் போகப் போக மெல்லத் தாழ்கிறது. அதன் அடிப்பகுதி மூடியிருக்கும் பின்கதவின் உள்பக்கத்தில் மோதி, கீழே திரும்பி, தொட்டியின் தரையை ஒட்டி முன்னோக்கி, ஆமாம், வண்டி போகும் திசையிலேயே, கேபினை நோக்கி ஓடிவந்து, கேபினின் முதுகில் மேலேறி மறுபடி மேலே போகும் காற்றோடு சேர்ந்துகொள்கிறது. ஆக தொட்டிக்குள் காற்று ஒரு பெரிய உருளையாகச் சுழன்றுகொண்டே இருக்கிறது. இந்தச் சுழல் நிலையானது, வண்டி ஓடும்வரை அங்கேயே குடியிருக்கும். மேலே போகும் காற்று பள்ளத்துக்குள் விழுவதில்லை, பாரத்துக்கு அடியில் போட்ட உருட்டுக்கட்டைமேல் நகர்வது போல, இந்தச் சுழலின் மேல் ஏறிப் போய் பின்கதவின் விளிம்பைத் தாண்டிவிடுகிறது. முன்னோக்கித் திரும்பிவரும் காற்று கேபினின் முதுகில் அழுத்துவதால் அங்கே இழுப்பும் குறைகிறது. பின்கதவின் உள்பக்கத்தில் மோதுகிற காற்று பின்னுக்குத் தள்ளத்தான் செய்கிறது, ஆனால் கேபினில் கிடைக்கும் லாபம் அதைவிட அதிகம்.

பின்கதவை இறக்கிவிட்டால் சுழலைப் பிடித்துவைக்கும் சுவர் போய்விட்டது. சுழல் கலைகிறது, கேபினின் முதுகில் அழுத்தம் குறைகிறது, இழுப்பு கூடுகிறது. வலைபோட்ட பின்கதவு மாட்டினாலும் இதே கதிதான். தொட்டிக்குத் தட்டையான மூடி போட்டால் கொஞ்சம் லாபம் உண்டு, ஆனால் சுழல் ஏற்கனவே பாதி வேலையைச் செய்துவிட்டதால் அந்த லாபம் பலர் நினைக்கிற அளவுக்கு இருக்காது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். சிறு சிறு நூல்துண்டுகளைத் தொட்டியின் தரையில் வரிசையாக டேப் போட்டு ஒட்டி, உள்ளே நோக்கி ஒரு கேமராவைப் பொருத்தி வேறொருவரை ஓட்டச் சொல்லுங்கள். நூல் முனைகள் கேபினைப் பார்த்துத் திரும்பி நிற்கும். காற்றியக்கப் பொறியாளர்கள் இன்றும் கையாளும் முறைதான் இது.

பின்கதவை இறக்கினால் மைலேஜ் கூடும் என்ற நம்பிக்கை இன்றும் உயிரோடு இருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. முன்பாவது அளந்து பார்ப்பது கடினம், இன்று ஒவ்வொரு மின்சார வண்டியின் திரையிலும் கிலோமீட்டருக்கு எத்தனை வாட்-மணி என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரே சாலையில், ஒரே வேகத்தில், காற்றின் திசையைச் சமன்செய்ய இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்த்தால் யார் சொல்வதையும் நம்பவேண்டியதில்லை.

1970-களில் நாசாவின் டிரைடன் ஆய்வு மையத்தில் எட்வின் சால்ட்ஸ்மன் என்ற பொறியாளர் சைக்கிளில் வேலைக்குப் போவார். பெரிய லாரிகள் தன்னைக் கடக்கும்போது முதலில் தள்ளுவதையும் பிறகு இழுப்பதையும் உணர்ந்து, இதை அளந்தால் என்ன என்று நினைத்தார். ஒரு பழைய வேனைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்து, பெட்டி மாதிரி ஆக்கி, பிறகு மூலைகளை ஒவ்வொன்றாக வளைத்துக்கொண்டே வந்தார்கள். காற்றுத் தடை பாதிக்கும் கீழே போனது! விமானம் செய்யவேண்டியவர்களுக்கு லாரியில் என்ன வேலை என்று அன்று யாராவது பணத்தை நிறுத்தியிருந்தால் எவ்வளவு பெரிய இழப்பு. பேட்டரி வேதியியலுக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பங்கை வண்டிகளின் பின்பக்கத்துக்கும் கொடுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உரிமையாளருக்கு இதில் என்ன பயன் என்றால், எதைச் சுமக்கிறோம் என்பதைவிட எங்கே சுமக்கிறோம் என்பது முக்கியம். டிரக்கின் தொட்டிக்குள் 500 கிலோவை ஏற்றினால், கேபின் உயரத்துக்குக் கீழே இருக்கும்வரை, என் கணக்கில் ரேஞ்ச் 5 சதவீதம்தான் குறைகிறது. மேட்டில் ஏறச் செலவான ஆற்றலிலும் ஒரு பகுதி இறங்கும்போது மோட்டார் வழியாகத் திரும்பக் கிடைத்துவிடும். எஸ்யூவியின் கூரையில் காலிப் பெட்டி ஒன்றைக் கட்டிவைத்தால் எடையே இல்லாமல் ரேஞ்ச் இதைவிட அதிகம் குறையலாம்.

டிரெய்லர்தான் பெரிய சோதனை. டிரக்கைவிட உயரமான, அகலமான பெட்டி டிரெய்லரை இழுத்தால் 110-இல் கிலோமீட்டருக்கு 0.7 யூனிட் ஆகிவிடும், 400 கிலோமீட்டர் ரேஞ்ச் 180-க்கு வந்துவிடும். 150 கிலோவாட் சார்ஜரில் நின்றால் எஸ்யூவிக்கு ஒரு நிமிடத்தில் 11 கிலோமீட்டர் ஏறும், டிரெய்லர் மாட்டிய டிரக்குக்கு மூன்றரைதான் ஏறும். பல சார்ஜிங் நிலையங்களில் டிரெய்லரைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழையவே முடியும். வேகத்தை 90-க்குக் குறைத்தால் அதே டிரெய்லரோடு 240 வரை போகலாம், இதைவிட மலிவான தீர்வு கிடையாது. வடிவத்திலும் சிலர் கைவைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். லைட்ஷிப் என்ற நிறுவனம் செய்யும் தங்கும் டிரெய்லரில் சொந்தமாகப் பேட்டரியும் சக்கரத்தைச் சுழற்றும் மோட்டாரும் இருக்கின்றன, ஓடும்போது கூரை தாழ்ந்து இழுக்கும் வண்டிக்குப் பின்னால் பதுங்கிக்கொள்கிறது, நிறுத்தியதும் உயர்ந்து ஆள் நிற்கிற உயரத்துக்கு வருகிறது.