லத்தி, தடி, தடியடி: சொல் விளக்கம்

காவலர் கையில் இருக்கும் நீண்ட தடியைத் தமிழ்நாட்டில் லத்தி என்கிறோம். சொல் வடக்கிலிருந்து வந்தது. இந்தியில் லாட்டி, பாலி, பிராகிருத மொழிகளில் லட்டி, சமற்கிருதத்தில் யஷ்டி. எல்லாவற்றுக்கும் கம்பு, ஊன்றுகோல் என்பதே பொருள். இந்தி பேசுபவர் யாரும் இதைத் தகர ஒலியோடு சொல்வதில்லை. அவர்களுடைய டகரத்தை ஆங்கிலத்தில் டி, எச் (th) என்ற இரண்டு எழுத்தால் எழுதுகிறார்கள். அதே இரண்டு எழுத்தைத் தகரமாகப் படித்துப் பழகியவர்கள் நாம். லாட்டி லத்தியானது அந்த வழியில்தான் என்று கொள்ளலாம்.

யானை, குதிரை போடும் சாணத்துக்கும் லத்தி என்று பெயர் உண்டு. அகராதியில் இலத்தி என்று இருக்கும். அது வேறு சொல், இதற்கும் அதற்கும் உறவில்லை.

நேர்த் தமிழ்ச் சொல் தடி. கோல், கழி, கம்பு என்று எத்தனையோ சொற்கள் இருக்க, தடி ஏன்? கோல் மெல்லியது, கையில் பிடித்துச் சுட்டவோ எழுதவோ அளக்கவோ உதவுவது. கழி நீளமும் ஒல்லியுமானது. கம்பு பொதுப்பெயர், சிலம்பக்காரர் கையில் இருப்பதும் அதுதான். தடியில் பருமன் இருக்கிறது, அடிக்கும் நோக்கமும் இருக்கிறது. இடுப்பில் செருகும் சிறிய உருளைக்குக் குறுந்தடி பொருந்தும். குண்டாந்தடி என்பதும் பழகிய சொல்தான், ஆனால் அது முனை பருத்த தடியை நினைவூட்டும். இலங்கைத் தமிழர் பொல்லு என்பார்கள்.

லத்தி என்ற பொருள் எப்படிப்பட்டது என்பதையும் பார்த்துவிடலாம். பழைய லத்தி உள்ளே குழல் இல்லாத கெட்டி மூங்கில். நீளம் பொதுவாக 4 முதல் 5 அடி, முனையில் சில சமயம் உலோகப் பூண். மூங்கில் காய்ந்து கீறல் விட்டால் அடிக்கும்போது பிளந்து, சிம்பு தோலைக் கிழிக்கும். கன்றிப்போக வேண்டிய இடத்தில் வெட்டுக்காயம் உண்டாவதற்கு இது ஒரு காரணம். பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்கில் செய்த தடி பிளக்காது. அதனாலேயே அது மென்மையானது என்று நினைத்துவிடக் கூடாது. வளைந்து மீளும் தடியின் நுனி மிக வேகமாக வந்து விழும்.

இனி, சிக்கலான சொல்லுக்கு வருவோம். லத்தி சார்ஜ் என்பதைத் தடியடி என்று மொழிபெயர்த்து நிலைநிறுத்திவிட்டோம். சார்ஜ் என்பது அடியைக் குறிப்பதல்ல. அணியாகப் பாய்ந்து முன்னேறுவது. தடியேந்திய வரிசை ஒன்று கட்டளைக்கு உட்பட்டு முன்னே வர, கூட்டம் பின்வாங்கிக் கலைய வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஓர் அடிகூட விழாமல் அது முடியலாம். பழந்தமிழில் ஓச்சுதல் வேறு, எறிதல் வேறு: ஓங்குவது ஒன்று, அடிப்பது மற்றொன்று. தடியடி என்ற சொல் இரண்டையும் ஒன்றாக்கி, அடியை மட்டும் மிச்சம் வைத்தது. என் பரிந்துரை: கட்டளையையும் நகர்வையும் ‘தடியேந்திக் கலைத்தல்’ என்போம், அடி விழுந்திருந்தால் மட்டும் ‘தடியடி’ என்போம்.

சட்டமும் கலைத்தல் என்றே பேசுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 129) இதற்கான அதிகாரத்தைத் தருகிறது. சட்டவிரோதக் கூட்டத்தையோ, பொது அமைதியைக் குலைக்கக்கூடிய, ஐந்து பேருக்குக் குறையாத கூட்டத்தையோ கலையச் சொல்லலாம். சொல்ல வேண்டியவர் நிர்வாக நடுவர் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) அல்லது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி. அவர் இல்லாதபோது உதவி ஆய்வாளர் பதவிக்குக் குறையாதவர். சொல்லியும் கலையாவிட்டால், அல்லது கலையமாட்டோம் என்ற உறுதி நடத்தையிலேயே தெரிந்தால், அதன் பிறகுதான் வலுப்பயன்பாடு. பலப்பிரயோகம் என்பதற்கு இந்தச் சொல் போதும். பலாத்காரம் வேண்டாம்; அதன் பொருள் இன்று பாலியல் வன்முறையாகச் சுருங்கிவிட்டது.

களத்தில் முதலில் செய்ய வேண்டியது கூட்டத்துக்குப் புரியும் மொழியில், பின்வரிசைக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் எச்சரிப்பது. பிறகு கலைவதற்கு நேரம் தர வேண்டும். வெளியேற வழி திறந்திருக்கிறதா என்று முன்பே பார்த்திருக்க வேண்டும்; சந்தின் இரண்டு முனையையும் அடைத்துவிட்டுக் கலையச் சொன்னால் மிஞ்சுவது நெரிசல்தான். வரிசை உடையாமல் நகர வேண்டும். கூட்டம் திரும்பி ஓடத் தொடங்கியதும் நிற்க வேண்டும். ஆளாளுக்குத் துரத்தத் தொடங்கிய அந்த நொடியில் கட்டளை அதிகாரியின் கையை விட்டுப் போய்விடுகிறது. விழுந்தவர் மீதும் ஒதுங்கி நின்றவர் மீதும் அடி விழுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

அடி எங்கே விழலாம் என்பதிலும் ஐயமில்லை. உயிராபத்து குறைந்த ஆயுதங்கள் குறித்து ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல், வன்முறையில் இறங்கியவரின் கை கால்களோடு நிறுத்தச் சொல்கிறது. தலை, கழுத்து, தொண்டை, முதுகெலும்பு, சிறுநீரகப் பகுதி, வயிறு ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது. தலையைக் குறிவைக்காமலே தலை உடைவது எப்படி? தடியைத் தோளுக்கு மேல் ஓங்கினால் அது மேலிருந்து கீழே வரும். அடிபடப்போகிறவர் அனிச்சையாகக் குனிவார். தோளுக்கென்று வந்த அடி தலையில் இறங்கும். ஆகவே கை தோளுக்கு மேல் போகாமல், பக்கவாட்டில், தாழ்வாக வீசப் பழக்க வேண்டும். சதைப்பற்றுள்ள தொடை வேறு, முட்டி வேறு. முட்டிக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில் எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. அங்கே பலமாக விழுந்தால் பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம்.

செய்திகளில் ‘லேசான தடியடி’ என்று அடிக்கடி வருகிறது. சட்டத்தில் அப்படி ஒரு வகை கிடையாது. எச்சரித்தார்களா, உத்தரவிட்டவர் யார், உடலின் எந்தப் பகுதியில் அடி விழுந்தது, எத்தனை பேருக்குச் சிகிச்சை என்ற நான்கையும் அந்த ஒரு பெயரடை விழுங்கிவிடுகிறது. செய்தியாளர்கள் அதை அடியோடு கைவிட வேண்டும்.

தடி விட்ட தடத்தை மருத்துவரால் படிக்க முடியும். உருண்டைத் தடி பட்ட இடத்தில் தண்டவாளம்போல் இரண்டு இணைகோடுகள் சிவந்து கன்றும், நடுவே தோல் வெளிறியிருக்கும். அழுத்தத்தில் நடுவிலுள்ள ரத்தம் இருபுறமும் தள்ளப்படுகிறது. விளிம்பில் இழுபட்ட நுண்ணிய ரத்தக் குழாய்கள்தான் அறுகின்றன. கோடுகளின் இடைவெளி தடியின் பருமனை ஏறத்தாழ காட்டும். நாளாக ஆகத் தடம் கலங்கிவிடும் என்பதால், அளவுகோலை அருகில் வைத்து அன்றே படம் எடுத்துவிடுவது நல்லது.

எலும்பு முறியவில்லை என்பதால் ஆபத்து நீங்கிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. தொடையிலும் பிட்டத்திலும் திரும்பத் திரும்ப அடிபட்டால் தசை நசுங்கி, அதிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, அளவு குறைந்தாலோ, வலிமாத்திரை போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில வலிமாத்திரைகளே சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். அடிபட்ட விவரத்தை மறைக்காமல் சொன்னால்தான் அதற்கான ரத்தப் பரிசோதனையை எழுதிக் கொடுப்பார்கள்.