கட்டுநாயக்க ஹைவேயின் அடியில் இருக்கும் மண்: வத்தளை, ஜா-எல பக்கம் காணி வாங்குவோருக்கு

கொழும்பு–கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலை மொத்தம் 25.8 கிலோமீற்றர்தான். பேலியகொடவில் ஏறினால், நெரிசல் இல்லாத நேரத்தில் அரை மணித்தியாலத்துக்குள் விமான நிலையம். தெற்கு அதிவேக நெடுஞ்சாலைக்கு அடுத்து இலங்கையில் திறக்கப்பட்ட இரண்டாவது அதிவேகப் பாதை இது. இது வந்தபிறகு வத்தளை, ஹெந்தளை, ஜா-எல பக்கம் காணி தேடுவோர் கூடிவிட்டார்கள், நம் ஆட்களும் அதில் நிறையப் பேர். மண் பரிசோதனை செய்யும் பொறியியலாளன் என்ற முறையில் அவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: அந்தப் பாதை எந்த மண்ணில் போகிறதோ, பக்கத்தில் மலிவாகக் கிடைக்கும் தாழ்நிலமும் பெரும்பாலும் அதே மண்தான். பாதைக்குச் செய்த வேலையை அந்தக் காணிக்கு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

பாதையின் போக்கைப் பார்த்தாலே விளங்கும். பழைய நீர்கொழும்பு வீதி வத்தளை, கந்தானை, ஜா-எல, சீதுவை என்று ஊர் ஊராகப் போகிறது. அந்த ஊர்களுக்குள் புதுப்பாதைக்கு இடமில்லை. அதனால் அதை மேற்கே, வீடுகள் குறைந்த பக்கமாகக் கொண்டுபோனார்கள். அங்கே வீடுகள் குறைவாக இருந்ததற்குக் காரணம் முத்துராஜவெல சதுப்பு. வடக்கே அது நீர்கொழும்புக் களப்போடு சேர்கிறது.

இந்தச் சதுப்பு உருவாகி ஏறத்தாழ 7,000 ஆண்டுகள் ஆகின்றன என்பார்கள். கோட்டை இராச்சியக் காலத்தில் இங்கே நெல் விளைந்தது. பிறகு கால்வாய்கள் வெட்டப்பட்டு உப்புநீர் உள்ளே வந்தது, வயல்கள் அழிந்தன. அந்த உப்புநீரை வடிக்கவென்று ஆங்கிலேயர் 1802 முதல் 1804 வரை ஹமில்டன் கால்வாயை வெட்டினார்கள். நெல் திரும்பி வரவில்லை. 1996இல் சதுப்பின் வடபகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

பாதையும் சுலபமாக வரவில்லை. 2000இல் தென்கொரிய ஒப்பந்தக்காரர்களோடு தொடங்கிய வேலை 2003இல் நின்றுபோனது. 2009 ஆகஸ்டில் சீன எக்சிம் வங்கியின் கடனோடு சீன நிறுவனமொன்று மறுபடி தொடங்கி, 2013 ஒக்டோபர் 27இல் திறக்கப்பட்டது. செலவு ஏறக்குறைய 29 கோடி அமெரிக்க டொலர். 2019 நவம்பரில் கடவத்தையிலிருந்து வரும் வெளிச்சுற்று அதிவேகப் பாதையும் கெரவலப்பிட்டியவில் இதோடு வந்து சேர்ந்தது. 2021 நவம்பரில் பாதையின் கொழும்பு முனையில், களனி ஆற்றின் மேல் புதிய பாலம் திறக்கப்பட்டது.

சரி, மண்ணுக்கு வருவோம். துளையிட்டு எடுக்கும்போது கறுப்பாக, நார்நாராக, அழுகின வாடையோடு வரும். அரைகுறையாக மக்கிய செடிகொடிகள்தான் அவை. பீட் என்போம். அதில் திடப்பொருளின் நிறையைப்போலப் பல மடங்கு தண்ணீர் இருக்கும். ஊறின தும்பு மெத்தையில் பாரம் வைத்தது போல, மேலே மண் கொட்டினால் தண்ணீர் மெல்ல வெளியேறி அது தட்டையாகும். ஒரே நாளில் அல்ல, ஆண்டுக்கணக்கில். தண்ணீர் வடிந்த பிறகும் நார்கள் மெல்ல நசுங்கியும் மக்கியும் இன்னும் இறங்கும்.

இப்படிப்பட்ட நிலத்தில் பாதை போடுபவர்கள் பீட்டைத் தோண்டி எடுத்து வேறு மண் போடலாம், துளைகளில் கல் நிரப்பித் தூண்போல இறுக்கலாம், அல்லது மேலதிகப் பாரம் ஏற்றி மாதக்கணக்கில் காத்திருந்து, எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பார்த்துவிட்டு அதற்கப்புறம் தார் போடலாம். பாலங்கள் ஆழமான தூண்களில் அசையாமல் நிற்கும், பாதைக்காகக் கொட்டி உயர்த்திய அணைமண் அப்படி நிற்காமல் இறங்கும். சதுப்பில் போட்ட பாதைகளில் பாலம் தொடங்கும் இடத்தில் வண்டி தூக்கிப்போடுவது பெரும்பாலும் இதனால்தான்.

காணி நிரப்புகிறவர் என்ன செய்கிறார்? டிப்பரில் கிரவல் கொண்டுவந்து கொட்டி, உருளை ஓட்டி, மதில் கட்டி, விளம்பரம் போடுகிறார். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 பேர்ச் என்பது 253 சதுர மீற்றர். ஒன்றரை மீற்றர் உயரத்துக்கு நிரப்பினால் 380 கன மீற்றர் கிரவல், ஏறத்தாழ 700 தொன். அதன்மேல் நீங்கள் கட்டப்போகும் சராசரி இரண்டு மாடி வீடோ 200, 250 தொன்தான் வரும். ‘சின்ன வீடுதானே சேர், நிலம் தாங்காதா?’ என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தக் கணக்கைத்தான். வீடு கட்டாவிட்டாலும் அந்தக் காணி இறங்கத்தான் போகிறது.

தூண் இறக்கிக் கட்டினால் தப்பலாமா? தப்பலாம், ஆனால் முழுதாக அல்ல. இறங்குகிற மண் தூணையும் கீழே இழுக்கும், அந்தப் பாரத்தையும் சேர்த்து வடிவமைக்க வேண்டும். வீடு அசையாமல் நிற்க, சுற்றியுள்ள முற்றம் இறங்கும். படிக்கட்டு பிரிந்து தொங்கும். மலசலகூடக் குழாய் சுவரோரத்தில் முறியும். அது வெளியே தெரியாது, கிணற்றுத் தண்ணீர் நாறும்போதுதான் தெரியவரும். பக்கத்து வீட்டு மதிலும் உங்கள் மண்ணின் பாரத்தால் சாயலாம். அந்தச் சண்டைகளில் அறிக்கை எழுத என்னைக் கூப்பிடுகிறார்கள். அப்போது இரு தரப்பும் இழந்திருப்பார்கள்.

வெள்ளத்தையும் சொல்லியாக வேண்டும். கம்பஹா பக்கத்து மழைநீர் அத்தனகலு ஓயா, தண்டுகம் ஓயா வழியே இந்தப் பள்ளத்துக்குத்தான் வருகிறது. நிரப்பிய ஒவ்வொரு காணியும் அந்தத் தண்ணீர் தங்கும் இடத்தைக் குறைக்கிறது. உங்கள் காணி உயர்ந்தால் தண்ணீர் பின்னால் இருக்கும் ஏழை வீட்டுக்குள் போகும். இது எனக்கு மிகுந்த வேதனை தருவது. அதனால்தான் தாழ்நிலம் நிரப்ப இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதி தேவை. முற்பணம் கொடுக்குமுன் அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். நகலை வாங்கிக்கொண்டு நிற்காமல், நேரே போய் விசாரியுங்கள்.

பிறகு காணியைச் சுற்றி நடந்து பாருங்கள். பழைய மதில்கள் சாய்ந்திருக்கின்றனவா, கேற் தூண்கள் நேராக நிற்கின்றனவா, வீடுகளின் அடியில் இடைவெளி தெரிகிறதா என்று கவனியுங்கள். துளையிட்டு மண் பார்க்காமல் எதையும் தீர்மானிக்க வேண்டாம். துளை உறுதியான மண்படை வரும்வரை போக வேண்டும். மூன்று மீற்றரில் நிறுத்திய அறிக்கை இங்கே பயன்படாது. அதற்கான செலவு காணி விலையில் மிகச் சிறிய பங்கு.

ஏற்கனவே நிரப்பிய காணியை வாங்கிவிட்டீர்களா? அவசரப்பட்டு அத்திவாரம் வெட்டாதீர்கள். நில அளவையாளரைக் கொண்டு சில இடங்களில் அடையாளக் கம்பி நட்டு, மாதம் ஒரு தரம் மட்டம் எடுக்கச் சொல்லுங்கள். ஒப்பிடும் புள்ளி அதே சதுப்பில் இல்லாமல், மேட்டு நிலத்தில் இருக்கட்டும். குறைந்தது ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் எடுத்த அளவுகளோடு வந்தால், எத்தனை காலம் காத்திருக்க வேண்டும், எந்த வகை அத்திவாரம் போடலாம் என்று ஒரு பொறியியலாளரால் சொல்ல முடியும்.