97-ஆ, 98-ஆ?

கொரோனா முதல் அலையின்போது வீடியோ அழைப்பில் என்னிடம் மனநல ஆலோசனைக்கு வந்தவர் அவர். (ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஐம்பதை நெருங்கும் வயது, கணக்கு எழுதும் வேலை. காய்ச்சல், இருமல் எதுவும் இல்லை. டெஸ்ட் இரண்டு முறையும் நெகட்டிவ். ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கேமரா முன் விரித்துக் காட்டினார். தேதி, நேரம், ஆக்சிஜன், நாடித்துடிப்பு என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நான்கு கட்டங்கள். ஒரே நாளில் 43 பதிவுகள். விடிகாலை 3.10-க்கு ஒன்று, 3.20-க்கு இன்னொன்று.

“மேடம், நேத்து 98 இருந்துச்சு, இன்னைக்கு 97 காட்டுது. ஏன் குறையுது?”

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்றிரண்டு புள்ளி முன்னே பின்னே காட்டுவது சகஜம். விரல் சில்லிட்டிருந்தாலே அளவு மாறும். இதெல்லாம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்தும் கருவியை விட்டு விரலை எடுக்க முடியவில்லை.

இப்படிப்பட்டவர்களை ‘மனசு பலவீனம்’ என்று சொல்வதில் எனக்கு உடன்பாடே இல்லை. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று சொன்னபோது பயப்படாதவர் யார்? அந்தப் பயம்தான் நம்மைக் கை கழுவ வைத்தது. ஆனால் ஒரே செய்தியைக் கேட்ட இருவரில் ஒருவர் தூங்கிவிடுகிறார், மற்றவர் விடிய விடிய விழித்திருக்கிறார். நான் பார்த்தவரை, ‘தெரியாது’ என்ற பதிலோடு படுக்கப் போக முடிகிறதா என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. நிச்சயமின்மையைத் தாங்க முடியாமை என்று எங்கள் துறையில் சொல்வோம். ‘எனக்கு வராதுன்னு உறுதியா சொல்லுங்க’ என்று கேட்பவருக்குப் பெருந்தொற்றுக் காலத்தில் யாரால் உறுதி கொடுக்க முடியும்?

இதோடு உடம்பின் ஒவ்வொரு அசைவையும் ஆபத்தாகப் படிக்கும் பழக்கமும் சேர்ந்தால் சிக்கல்தான். பதற்றத்தில் மூச்சு வேகமாகும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும், நெஞ்சு இறுக்கும். ‘ஐயோ, மூச்சுத் திணறுதே’ என்று இன்னும் வேகமாக மூச்சு விடுவார். வேடிக்கை என்னவென்றால், அந்த நேரத்தில் ஆக்சிமீட்டர் பெரும்பாலும் 98, 99 என்றுதான் காட்டும்.

தனிமை, வேலை இழப்பு, முன்பே இருந்த மனநலச் சிக்கல், வீட்டில் நடந்த மரணம் எல்லாமே பாரத்தைக் கூட்டும். பெருந்தொற்றின் முதல் ஆண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் சுமார் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. பெண்களும் இளைஞர்களும்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

சரி, அளவு பார்த்தால் நிம்மதி வருகிறதே, அதில் என்ன தப்பு? பத்து நிமிஷ நிம்மதி அது. ‘பார்த்ததால்தான் தப்பித்தோம்’ என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பார்க்கச் சொல்கிறது. செய்தி பார்ப்பதும் இதே கதைதான். 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின் நடந்த ஓர் ஆய்வில், அந்த வாரம் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் செய்தியில் மூழ்கியிருந்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட அதிக மன அழுத்தம் இருந்தது. (நான் மட்டும் என்ன, அந்த நாட்களில் இரவு பன்னிரண்டு மணிக்குத் தொற்று எண்ணிக்கையைத் தேடியவள்தான்.)

அவரிடம் ‘பார்க்காதீர்கள்’ என்று நான் சொல்லவில்லை. தோன்றும்போது அரை மணி நேரம் தள்ளிப்போடச் சொன்னேன். அவர் மனைவிக்குத்தான் கஷ்டமான வேலை. ‘ஒண்ணும் இல்லைங்க’ என்று ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்லிக்கொண்டிருந்தவர், அதுவும் பத்து நிமிஷ நிம்மதிதான் என்பதால் அந்தப் பதிலை நிறுத்த வேண்டும். “பதில் சொல்லாம இருந்தா நான் கல்நெஞ்சுக்காரின்னு நினைக்க மாட்டாரா, மேடம்?” என்று கேட்டார். பதிலுக்குப் பதிலாகப் பக்கத்தில் போய் உட்காரச் சொன்னேன்.

ஒன்றை மறக்க வேண்டாம். உண்மையிலேயே காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வந்தால் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். அவர் அளவு பார்க்கச் சொல்லியிருந்தால் சொன்ன நேரத்தில் பார்க்கலாம். அதேபோல, இரண்டு வாரமாகத் தூக்கம் கெட்டு வேலையும் ஓடவில்லை என்றால் மனநல ஆலோசனைக்குப் போகத் தயங்க வேண்டியதில்லை.

அப்புறம் அவர் தாமாகவே நோட்டில் இரண்டு கட்டங்கள் சேர்த்திருந்தார்: ‘பார்க்கத் தோன்றிய நேரம்’, ‘அது போன நேரம்’. கணக்கு எழுதுகிறவர் இல்லையா! முதல் வாரம் இரண்டுக்கும் இடையே இருபது, இருபத்தைந்து நிமிஷம். மூன்றாவது வாரம் கடைசிக் கட்டம் பல இடங்களில் காலியாக இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

“மன்னிக்கணும், மேடம். எப்போ போச்சுன்னு கவனிக்கல.”