பேடில்: துடுப்பு அல்ல, திருகுகுமிழ்

பழைய வீடியோ கேம் கருவிகளைப் பற்றிய தமிழ்க் குறிப்புகளில் 'துடுப்புக் கட்டுப்படுத்தி' என்ற சொல் ஓயாமல் வருகிறது; ஆங்கிலத்தின் 'பேடில் கன்ட்ரோலர்' என்பதன் மொழிபெயர்ப்பு அது. படகுப் போட்டி விளையாட்டுக்கான கருவி என்றுதான் படிப்பவர் நினைப்பார். உண்மையில் அது கைக்கு அடக்கமான ஒரு பெட்டி; மேலே குமிழ், பக்கத்தில் ஒரு பொத்தான். 1977இல் வந்த அட்டாரி 2600 என்ற வீட்டு வீடியோ கேம் இயந்திரத்துக்கு இவை இரண்டிரண்டாக, ஒரே செருகியில் இணைந்து வந்தன.

'பேடில்' முதலில் சிறு மண்வாரி, பிறகு துடுப்பு, அமெரிக்கப் பேச்சில் டேபிள் டென்னிஸ் மட்டை. 1972இல் வந்த 'பாங்' வீடியோ விளையாட்டில், திரையில் பந்தைத் தடுக்கும் கோட்டுக்கு அந்தப் பெயர். அதை நகர்த்தும் குமிழுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது.

ஈழத்தில் கிரிக்கெட் மட்டை துடுப்புதானே, துடுப்பாட்டம் நாளிதழ்ச் சொல்லாயிற்றே என்பார்கள். நியாயமான வாதம். புறநானூற்றில் துடுப்பு சோறு துழாவும் அகப்பை. மட்டைக்கு அது நீண்டதில் தவறில்லை. திரையில் உள்ள கோட்டைத் துடுப்பு என்றோ மட்டை என்றோ சொல்லட்டும். கையில் இருப்பதை எதற்காக அப்படிச் சொல்ல வேண்டும்? அது அடிப்பதுமில்லை, துழாவுவதுமில்லை. 'துடுப்பு நடுங்கினால் துடுப்பைத் துடைக்கவும்' என்று எழுதினால் எதைத் துடைப்பது? நடுங்குவது திரையில் உள்ள கோடு. துடைக்க வேண்டியது குமிழுக்கு அடியில் உள்ள 1 மெகாஓம் மாறுமின்தடையின் (திருப்பத் திருப்ப மின்தடை மாறும் உறுப்பின்) கரித்தடம். அதில் தூசி படிந்தால் மின்தடை தாவும். அந்த மின்தடை வழியாக ஒரு மின்தேக்கி நிறையும் நேரத்தைக் கொண்டே இயந்திரம் குமிழின் நிலையை அறிவதால் கோடும் தாவும். தொடுமுனை துப்புரவுத் தெளிப்பானை உள்ளே அடித்து, குமிழை இரு கோடிக்கும் பல முறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகும்.

ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தது அதன் குழப்பம். அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் அதைத் தமிழுக்கும் இறக்குமதி செய்கிறார்கள். கருவியை ஒருமுறை படத்தில் பார்த்திருந்தாலே போதும், இந்தச் சொல் பிறந்திருக்காது.

ரேடியோவில் ஒலியைக் கூட்டக் கை எதைச் செய்கிறதோ அதையே இங்கும் செய்கிறது. எனவே 'திருகுகுமிழ்'. 'இண்டி 500' என்ற அட்டாரி கார்ப் பந்தய விளையாட்டுக்கென வந்த கருவியும் பார்வைக்கு இதே மாதிரி, ஆனால் முட்டி நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், அதற்குச் 'சுழல்குமிழ்'. ஒன்றின் விளையாட்டுக்கு மற்றது உதவாது. பழைய பொருள் வாங்கும்போது திருப்பிப் பாருங்கள்: இரு கோடியிலும் முட்டினால் திருகுகுமிழ்.